மிளகைத் தொட வந்த கைகள்

முதல் நாள் நடந்தது இது:

1. செகந்திராபாத் சைனிக்புரியில் இருக்கும் எங்கள் நாய்ப் பயிற்சி மையத்தின் கேட்டைத் திறந்து, மிளகு என்ற கறுப்பு லாப்ரடார் குட்டியை முதல்முறையாகத் தெருவுக்கு அழைத்துவந்தேன். மஞ்சள் கோட்டு போட்டிருந்தான். ‘பயிற்சியில் இருக்கிறேன், தொடாதீர்கள்’ என்று அதில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.

2. பால் பூத் அருகே ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, கோட்டில் இருந்ததை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் குட்டியின் தலையைத் தடவினார்.

3. ஒரு பள்ளி வேன் நின்றது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஏழெட்டுக் கைகள் நீண்டன. மிளகு அவற்றை நோக்கிப் பின்னங்கால்களில் எழுந்து நின்றான்.

4. கல்லூரிப் பெண்கள் இருவர் தரையில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார்கள். கறுப்பு முழுசாகத் தெரியவேண்டும், கோட்டைக் கழற்றமுடியுமா என்றாள் ஒருத்தி.

5. நாயென்றால் பயம் என்று சொல்லி எதிர்ப்பக்கம் போன ஒருவர், பாதி தூரத்தில் மனம் மாறித் திரும்பி வந்து, வாலின் நுனியை மட்டும் ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார்.

6. ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

7. திரும்பி வந்ததும் மிளகு தூங்கினான். தூக்கத்தில் அவன் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் காலையை நினைத்தால் எனக்கு முகங்கள் வருவதில்லை, கைகள்தான் வருகின்றன. குட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவள் எப்போதும் கீழேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்வைக்குள் உலகம் கைகளாகவே நுழையும். மருதாணி அழிந்துகொண்டிருக்கும் கை. சிமெண்ட் காய்ந்த கை. உள்ளங்கையில் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருக்கும் கை. பனி விலகாத வேளையில் அவை வெள்ளையான ஓர் இடத்திலிருந்து ஒவ்வொன்றாக மிதந்து வந்து, கறுப்புத் தலையைத் தொட்டுவிட்டு, வந்த வழியே மறையும். யாரோ ஒருவருடைய கனவுக்குள் தவறிப்போய் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து நான் நாய்க்கயிறான லீஷைப் பிடிக்கப்போவதில்லை, அலுவலக வேலைக்கு மாறுகிறேன். இந்தத் தொழிலில் முப்பது வயதுக்குள்ளேயே ஓய்வு பெறலாம் என்று என் முழங்கால் எனக்கு அறிவித்துவிட்டது. சாப்பாடு, தடுப்பூசி, கட்டளைச் சொற்கள் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத பகுதி தெருவில் இருக்கும் மனிதர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் நாய்களோடு வளர்ந்தவள் அல்ல. ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தேன். இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்துவிட்டு, அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். முள் நடுங்கினால் எங்கே கசிவு என்று தேடுவது என் வேலை. இந்த மையத்துக்கு வந்த பிறகும் அதையேதான் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மிளகு யாருக்காக வளர்ந்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதெல்லாம் வெறும் நாய்க்கதை ஆகிவிடும்.

போலாரத்தில் பத்மா அக்கா என்று ஒருவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட குடும்பம். ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். சில வருடங்களுக்கு முன் பார்வை ஓரங்களிலிருந்து குறைய ஆரம்பித்து, கடைசியில் முழுதாகப் போய்விட்டது. வேலைக்குக் கண் தேவைப்படவில்லை, விரல்களே போதும். ஆனால் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குக் கண் வேண்டும். தினமும் அண்ணன்தான் பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் தன் அலுவலகம் போவார். அண்ணனுக்குப் புனேவுக்கு மாறுதல் வந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அதைத் தள்ளிப்போட்டிருந்தார். ஒரு தடவைதான் தள்ளிப்போட முடியும்.

மிளகு தெருத் தேர்வில் தேறினால் ஹார்னெஸ், அதாவது பிடியுள்ள உடல்வார் மாட்டி நடக்கும் பயிற்சிக்குப் போவான். அது முடிந்ததும் பத்மா அக்காவுக்கு வழிகாட்டுவான். தேறாவிட்டால் அடுத்த குட்டி பிறந்து வளரும்வரை காத்திருக்க வேண்டும். அண்ணனால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அக்கா வேலையை விடவேண்டியதுதான்.

தேர்வில் முக்கியமானவை இரண்டு. அந்நியர் தொட்டாலும் கூப்பிட்டாலும் குட்டி லீஷ் பிடித்திருப்பவரை விட்டு நகரக்கூடாது. அந்நியர் கொடுக்கும் தீனியை வாங்கக்கூடாது. கொஞ்சலுக்காக ஒரு நொடி திரும்புகிற நாய், சாலையின் நடுவில் அதே நொடியில் பார்வையில்லாத ஒருவரையும் சேர்த்துத் திருப்பிவிடும். பத்மா அக்கா இதை வேறு மாதிரி சொன்னார்: “யாரோ அதைத் தடவுறாங்கன்னா என் கண்ணுல விரலை விடுறாங்கன்னு அர்த்தம்.”

ஆக, அந்த முதல் நாளுக்குப் பிறகு என்ன செய்தோம்? எல்லாரும் படித்தவர்கள் அல்லவா, கோட்டில் எழுத்தைப் பெரிதாக்கினோம். பெரிய எழுத்தைப் படிக்க இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். உருதுவையும் சேர்த்தோம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் விளக்குகிற நேரமெல்லாம் கை குட்டியின் முதுகில்தான் இருந்தது. நாய்க்குட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கவேண்டுமானால் குனியவேண்டும். குனிந்தவர் கை சும்மா இருக்காது. இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்ததாக, வாயால் சொல்லிப் பார்த்தேன். “தொடாதீங்க.” தெலுங்கில், இந்தியில், தக்கணி கலந்த இந்தியில். “நக்கோ, நக்கோ, ஹாத் மத் லகாவோ.” வேண்டாம், வேண்டாம், கை வைக்காதீர்கள் என்று. சொன்னால் கேட்டார்கள். ஆனால் சில நாட்களில் வேறொன்று நடந்தது. யாராவது பக்கத்தில் வரும்போதே மிளகு விறைத்தான். காது பின்னால் போனது. ஒரு சின்னக் குழந்தை கையை நீட்டியபோது உறுமினான். மெல்லிய உறுமல்தான், தூரத்தில் ஸ்கூட்டர் கிளம்புகிற மாதிரி. ஆனாலும் உறுமல் உறுமல்தான்.

நான் என் கையைப் பார்த்தேன். ஆள் வருவதைக் கண்டதும் என் முழங்கை மடங்கி, லீஷ் இறுகிக்கொண்டிருந்தது. அழுத்தமானியின் குழாய் மாதிரிதான் லீஷும். இந்த முனையில் இருப்பது அந்த முனையில் காட்டும். அந்நியர் என்றால் ஆபத்து என்று நான்தான் குழாய் வழியாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதர்களிடம் வழிகிற நாயும் வழிகாட்டியாக முடியாது, மனிதர்களைக் கண்டு அஞ்சுகிற நாயும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அதில்தான் வருடம் முழுக்க நடக்கவேண்டும்.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க மேஜர் உதவினார். உதவுவதாக அவர் நினைக்கவில்லை. தன் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது, தினமும் நக்கோ நக்கோன்னு விரட்டுற? நான் நாயைக் கெடுத்துருவேனா? பட்டாலியனையே பழக்கினவன்!”

“சார், உங்களால எனக்கு ஒரு வேலை ஆகணும்.”

‘வேலை’ என்றதும் அவர் முதுகு நிமிர்ந்தது. கைத்தடி தரைக்கு வந்தது.

“சொல்லு.”

“தூண் மாதிரி நிக்கணும். இவன் உங்களைக் கடந்து போவான். நீங்க பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, தொடக்கூடாது. உங்களை மாதிரி கட்டுப்பாடா நிக்கறதுக்கு எனக்கு ஆள் இல்ல.”

“எவ்வளவு நேரம்?”

“இவன் போய் முடிக்கற வரைக்கும்.”

அவர் நின்றார். மிளகு அவர் காலணியை முகர்ந்தான், அண்ணாந்து பார்த்தான், ஒன்றும் கிடைக்காததால் என்னைப் பார்த்தான். என் கை தளர்ந்திருந்தது. நடந்தோம்.

மறுநாள் மேஜர் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்திருந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு வரிசையே நின்றது. மார்கழிப் பனியில், வேப்பமரங்களுக்குக் கீழே, குரங்குக் குல்லாய் போட்ட ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் ஆளுக்கு ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் அட்டென்ஷனில் நிற்க, நடுவில் ஒரு கறுப்புக் குட்டி அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல நடந்து போவான். யாரும் சிரிக்க மாட்டார்கள். பனியில் சத்தமே இருக்காது. காலணிகளுக்கு நடுவே அவன் பாதங்களின் சிறு ஓசை மட்டும் கேட்கும். என் வாழ்க்கையில் நான் கண்ட அழகான காட்சிகளில் ஒன்று அது. நிஜமாக நடந்ததுதானா என்று இப்போதும் சந்தேகம் வரும்.

ஒருநாள் வரிசை முடிந்த பிறகு மேஜர் கேட்டார்: “இன்னிக்கு யாரு நல்லா நின்னாங்க?”

“எல்லாருமே நல்லா நின்னீங்க சார்.”

“அந்த மூணாவது ஆளு கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான். நேவிக்காரன். டிசிப்ளின் கிடையாது.”

‘கூடாது’ என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் மறித்த கைக்கு வேறொரு வேலை கொடுங்கள். குழந்தைகளிடம் “இவன் கோட்டு என்ன நிறம்னு தள்ளி நின்னே சொல்லு” என்பேன். செல்ஃபிப் பெண்களிடம் “நாங்க நடக்கும்போது தூரத்துல இருந்து வீடியோ எடுத்துத் தர்றீங்களா” என்பேன். மனிதர்கள் நாயைத் தொட வருவதில் கெட்டது எதுவும் இல்லை. வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியில் அவர்களுக்கு அன்று கிடைக்கப்போகிற மென்மையான ஒரே பொருள் அதுவாக இருக்கலாம். அந்த ஆசையைத் திட்டாமல் திருப்பிவிடுவதுதான் நம் தொழில்.

இது பழகிவிட்டது என்று நினைத்திருந்தபோதுதான் தேர்வு வந்தது.

இடம் போலாரம் பஜார். மதிப்பீட்டாளர் ஃபிலோமினா. தூத்துக்குடிக்காரர், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு எங்கள் மையத்துக்கு வந்தவர். விதிகளை எழுதியவரும் அவர்தான். நானும் அவரும் உட்கார்ந்து தேதி குறித்தோம். மழை வருமா என்று பார்த்தோம். கண்டோன்மெண்ட் சாலை மூடியிருக்குமா என்று விசாரித்தோம். பள்ளி விடுமுறை, கிரிக்கெட் மேட்ச், கட்சி ஊர்வலம் எல்லாவற்றையும் சரிபார்த்தோம். கறுப்பு நாயைப் பஜாருக்கு அழைத்துப்போகிறோம், அன்று தேய்பிறை அஷ்டமியா என்று மட்டும் பார்க்கவில்லை.

அஷ்டமி கால பைரவருக்கு உகந்த நாள். நாய் அவருடைய வாகனம். அன்று கறுப்பு நாய்க்கு வெல்ல ரொட்டியோ வடையோ கொடுத்தால் சங்கடம் தீரும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். ஃபிலோமினாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அஷ்டமி என்பது ராமச்சந்திராபுரத்தில் அம்மாவின் சமையலறைக் காலண்டரில் இருக்கிற விஷயம். என் கைபேசியில் அது இல்லை.

பஜாருக்குள் நுழைந்ததும் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. கைகள் வரவில்லை. மக்கள் நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். ஒரு பூக்கடைக்காரம்மா சாமந்திப்பூ ஒன்றை மிளகின் முன்னால் போட்டுக் கும்பிட்டார். “நல்ல குக்க, நல்ல குக்க” என்று குரல்கள். தெலுங்கில் அதற்குக் கறுப்பு நாய் என்று பொருள். சாம்பிராணிப் புகை எங்கிருந்தோ தாழ்வாக வந்து மிளகைச் சுற்றியது. அவன் ஒருமுறை தும்மிவிட்டு நடந்தான். வெயில் அந்தப் புகைக்குள் விழுந்து, தெரு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசைந்தது. எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஃபிலோமினா வந்துகொண்டிருந்தார். அவர் நடை தயங்குவது எனக்குத் தெரிந்தது.

அரசமரத்தடியில் வேறொரு அம்மா எங்களை மறித்தார்.

நடுத்தர வயது. தூங்காத கண்கள். மருத்துவமனையில் உடன் இருப்பவர்களுக்குக் கட்டிவிடும் காகித வளையம் மணிக்கட்டில் இருந்தது. கையில் எவர்சில்வர் டப்பா. சாலையிலேயே மண்டியிட்டு மிளகின் பாதத்தைத் தொடக் கை நீட்டினார். நான் சட்டென்று அவனுக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்தேன். என் முழங்கால் அன்றுதான் முதலில் சத்தம் போட்டது.

“ஒக்க ரொட்டெ அம்மா, ஒக்கட்டே” என்றார். ஒரே ஒரு ரொட்டி. பிறகு தெலுங்கில் மளமளவென்று சொன்னார். மகனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். வெளியே வருவதற்குள் கறுப்பு நாய் சாப்பிடவேண்டும். விடிந்ததிலிருந்து தேடுகிறார். நேற்று நாய் பிடிக்கும் வண்டி வந்ததால் தெருநாய்கள் ஆளைக் கண்டாலே ஓடுகின்றன. இந்த ஒன்றுதான் ஓடாமல் நிற்கிறது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓர் ஆட்டோக்காரர் வண்டியிலிருந்தே எட்டிப் பார்த்து, “அரே மேடம், இத்தா கைக்கு சோச்ரே? ஏகிச் ரோட்டீ ஹை நா!” என்றார். இவ்வளவு எதற்கு யோசிக்கிறீர்கள், ஒரே ரொட்டிதானே என்று. இன்னொருவர், “படிச்சவங்களாச்சே, அதான்” என்றார், தமிழிலேயே.

மிளகு வாங்கினால் தேர்வு போயிற்று. பத்மா அக்காவின் வேலையும் போயிற்று. மறுத்தால், இந்த அம்மா இந்தச் சாலையிலிருந்து எழுந்து எங்கே போவார்? அந்த டப்பாவோடு ஆபரேஷன் அறையின் வாசலுக்கா? எனக்கு அஷ்டமியில் நம்பிக்கை உண்டா என்பது அங்கே யாரும் கேட்காத கேள்வி.

நெருக்கடியில் முதலில் செய்யவேண்டியது உங்கள் கையைப் பார்ப்பது. பார்த்தேன். லீஷ் இறுகியிருந்தது. தளர்த்தினேன். மிளகு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். அவன் மூச்சு இறங்கியதும் எனக்கும் இறங்கியது.

“அம்மா, இவன் கண் தெரியாத ஒருத்தருக்காக வேலை கத்துக்கிறான். என் கையைத் தவிர வேற யார் கையிலயும் வாங்கமாட்டான். வாங்கினா அவங்களுக்கு இவன் உதவமாட்டான். ரொட்டியை என் கையில கொடுங்க” என்று தெலுங்கில் சொன்னேன்.

“நான் கொடுக்கணுமே. என் கை கொடுக்கணுமே.”

“என் கையைப் பிடிச்சுக்கோங்க.”

அவருக்கு உடனே புரியவில்லை. நான் உள்ளங்கையை விரித்தேன். அவர் ரொட்டியை அதில் வைத்தார். பிறகு என் புறங்கையின் கீழே தன் இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினார். அவர் கைகள் மேல் என் கை. என் கை மேல் ரொட்டி. வெல்லமும் நெய்யும் மணத்தன.

மிளகு ரொட்டியைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். சொல் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆட்டோக்காரர் எப்போது வண்டியை அணைத்தார் என்று தெரியாது, பஜாரே அமைதியாக இருந்தது. புகை மெதுவாக எங்கள் மேல் ஏறிப்போனது. என் கையின் அடியில் அந்த அம்மாவின் நாடி, பிடிபட்ட சிட்டுக்குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவள் நான்.

“எடு” என்றேன்.

எடுத்தான். நிதானமாகத் தின்றான். அந்த அம்மா என் கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு எழுந்தார். டப்பாவை மூடினார். திரும்பிப் பார்க்காமல் மருத்துவமனை இருக்கும் பக்கம் ஏறக்குறைய ஓடினார். அவர் மகனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பிறகு அவரைப் பார்க்கவேயில்லை.

நான் எழுந்து திரும்பினால் பின்னால் ஒரு வரிசை நிற்கிறது. வடையோடு, ரொட்டியோடு, ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டோடு. ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

“லைன், லைன்! மேடம் கா ஹாத் பகட்னா, குத்தே கு நக்கோ சூனா!” மேடத்தின் கையைத்தான் பிடிக்கவேண்டும், நாயைத் தொடக்கூடாது என்று என் விதியை அவரே எல்லாருக்கும் அறிவித்தார்.

“பாய், இவனுக்கு வயிறு ஒண்ணுதான்” என்றேன்.

“ஹவ் மேடம், வோ பீ சஹீ ஹை.” அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டு வரிசையைக் கலைத்தார். கலைகிறபோது சிலர் என் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மிளகுக்குத் தூக்கம் வந்தது.

ஃபிலோமினா பக்கத்தில் வந்தார்.

“ஏ புள்ள, என்னது இது? திருவிழாக் கூட்டம் மாதிரி?”

“இன்னிக்கு அஷ்டமியாம்.”

“அப்படின்னா?”

சொன்னேன். நெற்றியைப் பிடித்துக்கொண்டு மரத்தடி மேடையில் உட்கார்ந்தார்.

“மழை எல்லாம் பார்த்தோமே” என்றார். பிறகு, “விதிப்படி இது ஃபெயில் தெரியும்லா? அந்நியர் கொண்டாந்த தீனி.”

“என் கையிலதான் வாங்கினான். சொன்ன பிறகுதான் வாங்கினான்.”

“அது நான் பார்த்தேன். ஆனா ‘லீஷ் பிடிச்சவர் கையில கொடுத்து’ன்னு ஒரு வரி நான் எழுதலையே. எழுதாததுக்கு நான் எப்படி மார்க் போட?”

அவர் பிடிவாதக்காரர் அல்ல. தன் கையெழுத்தை நம்பி ஒருவர் சாலையில் இறங்கப்போகிறார் என்பது தெரிந்தவர். அதனால் நான் வாதாடவில்லை. பத்மா அக்காவின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அவரிடமே சொல்லிவிடலாம் என்று போனோம்.

அக்கா வேலைக்குக் கிளம்பி, அண்ணனுக்காக வாசலில் காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ‘ஃபெயில்’ என்ற சொல் வந்தபோது அவர் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது. ஆனால் குரலில் ஒன்றும் இல்லை.

“நித்யா, ஒண்ணு கேட்கறேன். ரொட்டியை நீட்டிக்கிட்டு இருந்தப்ப அவன் எங்கே பார்த்தான்?”

“என்னைத்தான் அக்கா.”

“கூட்டம் கூடினப்ப?”

“உட்கார்ந்துட்டான். கொட்டாவி விட்டான்.”

அக்கா சிரித்தார். பிறகு ஃபிலோமினாவின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“மேடம், கறுப்பு நாயோட இந்த பஜார்ல நடக்கப்போறவ நான். மாசாமாசம் அஷ்டமி வரும். அன்னைக்கெல்லாம் லீவு போட்டா என்னை வேலையில வெச்சுப்பாங்களா? நீங்க எதுவும் இல்லாத நாள்ல பாஸ் போட்டுக் கொடுத்திருந்தா நான் முதல் அஷ்டமியிலயே பஸ்ஸுக்கு அடியில போயிருப்பேன். நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கீங்க. எனக்கு மார்க் நக்கோ. அடுத்த அஷ்டமிக்கு மறுபடியும் வையுங்க. நானும் கூட வர்றேன்.”

ஃபிலோமினா கைபேசியை எடுத்து, “அடுத்த அஷ்டமி என்னைக்கு? யாருட்ட கேட்கணும்?” என்றார்.

“எங்க அண்ணிகிட்ட கேளுங்க. நவமி, பிரதோஷம் எல்லாம் சேர்த்துச் சொல்லுவா. நிறுத்தத்தான் முடியாது.”

அடுத்த அஷ்டமியன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்மா அக்காவும் வந்தார். அன்று யாரையும் என் கையைப் பிடிக்க விடவில்லை. அக்காவே பேசினார். வடை நீட்டியவரிடம், “இவன் டியூட்டியில இருக்கான், எங்கிட்ட கொடுங்க, நான் சாப்பிடறேன்” என்றார். அவர் திகைத்தார். “நான் சாப்பிட்டா உங்க சாமி கோவிச்சுக்குமா? இவனை வளர்க்கப்போறவளே நான்தான்” என்றார் அக்கா. கொடுத்தவரும் சிரித்துவிட்டார். தெரு முனைக்கு வருவதற்குள் அக்கா கையில் ஒரு பொட்டலம் வடை சேர்ந்துவிட்டது. பார்வை போன பிறகு, தெருவில் எல்லாரும் தன்னோடு வருபவரிடம்தான் பேசுவார்கள், தன்னிடம் பேசமாட்டார்கள் என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறார். அன்று எல்லாரும் அவரிடம்தான் பேசினார்கள். நான் வெறுமனே தோளாக இருந்தேன்.

மிளகு என் இடப்பக்கத்திலிருந்து ஒருமுறைகூட விலகவில்லை. ஃபிலோமினா கையெழுத்துப் போட்டார்.

இப்போதைய நிலவரம் இது. தேய்பிறை அஷ்டமி நம் தேர்வு விதிகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது, கறுப்புக் குட்டிகளுக்கு மட்டும். மேஜர் காலையில் நிற்க வருகிறார், உங்களில் யாராவது குட்டியோடு போகலாம். அண்ணன் புனேவுக்குக் குடிபோய்விட்டார். மிளகு ஹார்னெஸ் பயிற்சி முடித்து, போலாரத்திலிருந்து பஸ்ஸில் தினமும் மருத்துவமனைக்குப் போய்வருகிறான். பத்மா அக்கா வேலையில் இருக்கிறார்.